எந்தக் காருக்கான கணக்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

காருக்குள் கேட்கும் இரைச்சல் பற்றிய கட்டுரையில், உயர் அதிர்வெண்களுக்குச் சராசரி ஆற்றல் கணக்கே (ஒவ்வொரு பாகத்திலும் சராசரியாக எவ்வளவு அதிர்வு ஆற்றல் என்று மட்டும் பார்ப்பது) மேல் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில், அதாவது பொருளைச் சிறு சிறு துண்டுகளாக (எலிமென்ட்) பிரித்து ஒவ்வொன்றின் அசைவையும் கணிக்கும் மென்பொருளில், வேலை செய்பவன். கணினிக்கு வேகம் போதாத காலத்து ஏற்பாடுதானே அது? இன்னும் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேகம் பாதிக் காரணம்தான். 1 மி.மீ. எஃகுத் தகட்டில் 100 ஹெர்ட்ஸில் வளைவு அலையின் (தகடு வளைந்து நெளிவதால் அதில் ஓடும் அலை) நீளம் சுமார் 30 செ.மீ.; 10,000 ஹெர்ட்ஸில் 3 செ.மீ. அலைக்கு ஆறு எலிமென்ட் என்றாலும் ஒரு சதுர மீட்டருக்கு 40,000 வேண்டும். இன்றைய கணினி இதைச் செய்துவிடும், சரி. ஆனால் அந்தக் கணக்கு எந்தக் காருக்கு?

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ நூறு இசுசூ ரோடியோ வண்டிகளை ஒரே மாதிரி அதிரவைத்து, உள்ளே எழும் ஒலியை அளந்தார்கள். எல்லாம் ஒரே மாடல். வரைகோடுகளோ பத்து டெசிபலுக்கும் மேல் சிதறிக் கிடந்தன. ஆற்றலில் அது பத்து மடங்கு! ஒரு ஸ்பாட் வெல்டிங் கொஞ்சம் தள்ளி விழுந்தாலே 3 செ.மீ. அலைக்கு அது வேறு கார். நீங்கள் துல்லியமாகக் கணிப்பது எந்த ஷோரூமிலும் நிற்காத ஒன்றை.

1960 வாக்கில் ரிச்சர்ட் லயனும் பிரஸ்டன் ஸ்மித்தும் இந்தச் சராசரி வழிக்கு வித்திட்டார்கள். ராக்கெட் இரைச்சல் உள்ளிருக்கும் கருவிகளை உலுக்குவதுதான் அன்றைய தலைவலி. லயன் கண்டது இது: லேசாகப் பிணைத்த இரண்டு அதிரிகளை (அதிரக்கூடிய பொருள்களை)த் தனித்தனியே தாறுமாறாக உலுக்கினால், ஆற்றல் மிகுந்ததிலிருந்து குறைந்ததற்குப் பாயும், பாயும் அளவு வேறுபாட்டுக்கு நேர்விகிதம். வெப்பம் பாய்வது போலத்தான். ஒரு பொருள் தன் இயல்பான அதிர்வெண் ஒன்றில் அதிரும் விதத்தை இயல்பதிர்வு என்போம். ஒரு இயல்பதிர்வுக்குச் சராசரியாக எவ்வளவு ஆற்றல் என்பது இங்கே வெப்பநிலையின் இடத்தில் நிற்கிறது. ஆகவே கூரை ஒரு எண், கதவு ஒரு எண், உள்ளிருக்கும் காற்று இன்னொரு எண். கணக்கு நொடியில் முடிந்துவிடும்.

இந்த முறையும் சறுக்கும். அந்த ஒரு சதுர மீட்டர் தகட்டில் 10,000 ஹெர்ட்ஸ் வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இயல்பதிர்வுகள் உண்டு. தகட்டைத் தாங்கும் தடித்த சட்டத்தில் சில நூறு ஹெர்ட்ஸ் வரை விரல்விட்டு எண்ணிவிடலாம். சராசரி எடுக்க அங்கே ஆளே இல்லை. அப்புறம் தணிப்பு எண், அதாவது அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்லும் எண். அதைக் குத்துமதிப்பாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு மடங்கு பிசகினால் 3 டெசிபல் வரை போயிற்று. அளந்து போடுங்கள்.

உங்கள் வேலை எங்கும் போகவில்லை. சட்டத்தை எலிமென்டுகளாலும் தகடுகளைச் சராசரியாலும் கையாண்டு இரண்டையும் ஒரே மாடலில் கோக்கும் வழியை ஷார்ட்டர், லாங்லி என்ற ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டார்கள். உங்களுக்கு அதுதான் தோது.