பிழைத்ததற்கு நீங்கள் சான்று காட்ட வேண்டியதில்லை

கேள்வி: 11 மாதங்களுக்கு முன் தற்கொலைக்கு முயன்று பிழைத்தேன். "உண்மையிலேயே சாக நினைத்தவள் பிழைத்திருக்க மாட்டாள், எல்லாரையும் மிரட்டத்தான் அப்படிச் செய்தாள்" என்கிறார் அத்தை. "எங்களை ஒரு நிமிடமாவது நினைத்தாயா?" என்று கேட்கிறாள் அக்கா. அம்மா எதுவும் கேட்பதில்லை. ஆனால் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். நான் உள்ளே இருக்கும்போது அவர் வெளியே நிற்கும் நிழல் கதவின் அடியில் தெரிகிறது. மருத்துவரிடம் போவதையும் நிறுத்திவிட்டேன். போனால் இன்னும் குணமாகவில்லை என்பார்கள். இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்து முடித்த பின்னும் கதவின் அடியில் தெரியும் அந்த நிழல் என் மனத்தைவிட்டு அகலவில்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் உங்களிடம் நேராகவே கேட்கிறேன்: தற்கொலை எண்ணம் இப்போதும் வருகிறதா? வருகிறதென்றால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ உடனே நாடுங்கள். நள்ளிரவானாலும் அம்மாவை எழுப்பத் தயங்காதீர்கள்.

அத்தை சொல்வது பலரும் நம்பும் ஒரு தப்பெண்ணம். ஒருவர் பிழைத்ததை வைத்து அவருடைய வேதனையின் ஆழத்தை அளக்க முடியாது. யார் எப்போது வந்து பார்த்தார்கள், எவ்வளவு விரைவில் சிகிச்சை கிடைத்தது என்பவற்றைப் பொறுத்தும் உயிர் தங்குகிறது. மேலும், சாக வேண்டும் என்ற எண்ணமும் வாழ வேண்டும் என்ற ஆசையும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டிருப்பதே அந்த நிலையின் இயல்பு; வாழும் ஆசை எங்கோ மிச்சமிருந்தது என்பதால் வலி பொய்யாகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 7,20,000-க்கும் அதிகமானோர் தற்கொலையால் இறக்கிறார்கள், முயன்று பிழைப்பவர்களோ அதைப்போலப் பல மடங்கு. முன்பு ஒருமுறை முயன்றிருப்பது பின்னாளைய ஆபத்தைக் காட்டும் முக்கியமான அடையாளங்களுள் ஒன்று என்பதால், அதை "மிரட்டல்" என்று தள்ளிவிடுவது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அதற்காக, ஒருமுறை முயன்றவர் எப்படியும் மறுபடி முயல்வார் என்று முடிவு கட்டுவதும் தவறு. அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன், முயற்சியின் விளிம்பில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து 1978-இல் வெளியிட்டார். பல ஆண்டுகள் கடந்த பின்னும் அவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். இதையெல்லாம் அத்தைக்கு விளக்கியே ஆக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. "அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை, அத்தை" என்ற ஒரு வரி போதும். அவர் எத்தனை முறை கேட்டாலும் அதே வரியைச் சொல்லலாம்.

அக்காவின் கேள்வி வேறு வகையானது. அதில் பழி இருக்கிறது என்றாலும், உங்களை இழந்துவிட இருந்தோமே என்ற நடுக்கம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. தற்கொலை பற்றிய ஆய்வைத் தனித் துறையாக வளர்த்த எட்வின் ஷ்னைட்மன், தாங்க முடியாத மனவலியே தற்கொலையின் வேர் என்றும், அந்த வலியின் உச்சத்தில் சிந்தனை குறுகி, வேறு வழிகள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகின்றன என்றும் எழுதினார். அந்த வேளையில் பலர் குடும்பத்தை மறப்பதில்லை. தாம் குடும்பத்துக்குப் பாரம், தாம் இல்லாவிட்டால் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள் என்றே நம்பிவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "சுயநலம்" என்று சொல்வது அந்த நம்பிக்கையைத்தான். உங்களுக்கும் அப்படி இருந்திருந்தால், மனம் அமைதியாக உள்ள ஒரு பகல் பொழுதில் அக்காவிடம் சொல்லுங்கள்: "உங்களை நினைக்காமல் இல்லை அக்கா. நான் போனால் உங்கள் பாரம் குறையும் என்று நினைத்தேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது, அன்றைக்குத் தெரியவில்லை." அவர் அழலாம், கோபப்படலாம். ஒரே பேச்சில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மருத்துவரிடம் போவதை நிறுத்தியதில் மட்டும் உங்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து உங்கள் சிகிச்சையை விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த "பாதுகாப்புத் திட்டம்" போன்ற ஒன்றை அவரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். மனம் சரியத் தொடங்குவதை எந்த அடையாளத்தால் அறிவீர்கள், அப்போது தனியாக என்ன செய்து பார்ப்பீர்கள், யாரோடு போய் இருப்பீர்கள், யாரிடம் உதவி கேட்பீர்கள், ஆபத்தானவற்றை எப்படி அப்புறப்படுத்தி வைப்பீர்கள் என்பவற்றை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதிய ஒரு தாள், அவ்வளவுதான். நெருக்கடி வேளையில் யோசிக்க முடியாது என்பதால்தான் அதை முன்கூட்டியே எழுதி வைக்கிறோம்.

இனி அம்மா. கேட்டால் அந்த எண்ணத்தைத் தானே கிளறிவிடுவோமோ என்ற அச்சத்தில்தான் அவர் வாய் திறக்காமல் நிற்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பலருக்கு அப்படி ஒருவர் கேட்பதே ஆறுதலாக இருக்கிறது. ஜெரோம் மாட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளியேறி மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்றிருந்த 843 பேரில் ஒரு பகுதியினருக்கு ஐந்து ஆண்டுகள் சிறு சிறு கடிதங்கள் அனுப்பினார். அவற்றில் அறிவுரை எதுவும் இல்லை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்ற அக்கறை மட்டுமே இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெறாதவர்களைவிடப் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது.

ஆகவே இன்றிரவு அந்த நிழல் தெரியும்போது நீங்களே வெளியே வந்து, "என்கிட்ட கேட்க நினைக்கிறதைக் கேளும்மா, சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். தாழ்ப்பாளை எப்போது திரும்பப் பொருத்துவது என்பதை மூவருமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.