ஊரே கை தூக்கி எதிர்த்தது, குத்தகை ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் உறுதிக் காணி இருக்கிறது. கல் குவிக்கவும் டிப்பர் போய்வரவும் ஒரு கல்லுடைக்கும் கம்பனிக்குப் பத்து வருடக் குத்தகைக்குக் கொடுத்தேன். பொது விசாரணை வைத்த பிறகுதான் குத்தகை தொடங்கும் என்று உறுதியில் இருக்கிறது. பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள், ஊரே கை தூக்கி எதிர்த்தது, நானும் எதிர்த்தேன். அடுத்த கிழமையே டிப்பர் வந்துவிட்டது. தூசியில் பக்கத்து வயல் நாசம். தரகு பேசிய சொந்த மச்சான் போனையும் எடுக்கிறானில்லை. விசாரணையில் மக்கள் எதிர்த்ததால் ஒப்பந்தம் செல்லாதுதானே? கேற்றைப் பூட்டலாமா?

பதில்: மச்சானை விடுங்கள், அவர் குடும்பப் பிரச்சினை. நீங்கள் அனுப்பிய உறுதிப் பிரதியில் எனக்கு வேண்டியது ஏழாவது பந்தி மட்டும்தான். 'பொது விசாரணையொன்று நடத்தப்பட்ட திகதியிலிருந்து இக்குத்தகை வலுவுக்கு வரும்' என்று இருக்கிறது. நடத்தப்பட்ட. மக்கள் சம்மதித்த என்று இல்லை, அனுமதி கிடைத்த என்றும் இல்லை. கூட்டம் நடந்தது, நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஊர் கை தூக்கியதா, கதிரையைத் தூக்கியதா என்பது இந்தப் பந்திக்குத் தேவையில்லாத விஷயம்.

விசாரணை என்ற சொல்தான் நம்மவர்களை ஏமாற்றுகிறது. பொலிசிலும் கோட்டிலும் விசாரணை என்றால் முடிவில் யாருக்கோ சாதகமாக ஒரு தீர்ப்பு வரும், அதனால் பொது விசாரணை என்றதும் அங்கேயும் ஊர் தீர்ப்புச் சொல்லும் என்று நினைக்கிறோம். அது கருத்துக் கேட்கும் இடம், வாக்கெடுப்பு இல்லை. சட்டத்தில் வரும் இடங்களிலும் அப்படித்தான். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் பெரிய திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்வது உங்கள் உரிமை, ஆனால் நேரில் கூப்பிட்டுக் கேட்பது, பொதுநலனுக்கு அது தேவை என்று அங்கீகரிக்கும் நிறுவனம் கருதினால் மட்டும்தான். உங்கள் உறுதியோ எந்தச் சட்டத்தையும் குறிப்பிடவில்லை. யார் நடத்த வேண்டும், எத்தனை நாள் அறிவித்தல், எந்த மொழியில், எதுவும் இல்லை. ஆகவே தேத்தண்ணியும் வடையும் கொடுத்த அந்தக் கூட்டமே பொது விசாரணை என்று கம்பனி சொன்னால், இல்லையென்று காட்ட உங்களிடம் அதிகம் கிடையாது. வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாசித்து விளங்கப்படுத்தியதாக நொத்தாரிசு உறுதியின் கடைசிப் பக்கத்தில் அத்தாட்சிப்படுத்தியிருக்கிறார், அதைத் தாண்டுவது சிரமம்.

காணி உறுதிக் காணி என்று முதலிலேயே சொன்னது நல்லது. வன்னியில் பாதிப் பேர் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுக்கும் பேமிட்டை உறுதி என்றே சொல்வார்கள். பேமிட் என்றால் கதையே வேறு, பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாத குத்தகை நிற்காது, அதோடு உங்கள் பேமிட்டுக்கே ஆபத்து வரும். எதற்கும் காகிதத்தை இன்னொருமுறை எடுத்துப் பாருங்கள்.

கூட்டத்தில் மேலாளர் வீட்டுக்கொரு வேலை என்றாராம், றோட்டுக்குத் தண்ணீர் அடிப்போம் என்றாராம். உறுதியில் இல்லாத வாய்ப்பேச்சை உறுதியோடு சேர்க்க சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு பெரும்பாலும் விடாது. முந்நூறு பேர் கேட்டிருந்தாலும் அதேதான்.

இனி கேற் விஷயம். தயவுசெய்து பூட்டாதீர்கள். என்னிடம் வந்தவர்களில் நல்ல வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு கெடுத்தவர்கள் அதிகம் பேர் செய்த வேலை இதுதான். பூட்டிய அடுத்த நாள் கம்பனி பொலிசுக்குப் போகும், பொலிஸ் சமாதானக் குலைவு என்று 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் அறிக்கை போடும். அங்கே நீதவான் உங்கள் ஏழாம் பந்தியைத் தேடமாட்டார், தூசியையும் கேட்கமாட்டார். அறிக்கை போட்ட நாளில் காணி யார் கையில் இருந்தது, அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா, இவ்வளவுதான் கேள்வி. பலவந்தமாக வெளியேற்றியவர் நீங்களாகிவிடுவீர்கள். கம்பனி உள்ளே திரும்பும், அதுவும் இந்தமுறை நீதிமன்றக் கட்டளையோடு. பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அதை மாற்ற வருடங்கள் போகும்.

இன்னொரு குழி. கடிதத்தின் கடைசி வரியில், மூன்று மாத வாடகைக் காசோலையை மாற்றிவிட்டதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். குத்தகை தொடங்கவேயில்லை என்பவர் எந்தக் குத்தகைக்கு வாடகை எடுத்தார் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதல் நாளே கேட்பார். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

அதோடு கூட்டத்தில் ஒப்பமிட்ட வரவுத்தாள். மேலே தலைப்பு என்ன இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? தலைப்பில்லாத தாளில் ஊரார் கையெழுத்து வைக்க, பிறகு அது 'ஒப்புதல் அளித்தோர்' பட்டியலாக வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கூட்டம் பிரதேச செயலகம் ஊடாக நடந்ததென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரவுத்தாளையும் கூட்டக் குறிப்பையும் இந்தக் கிழமையே கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

சரி, என்ன செய்வது? பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கோபம் வரும், தெரியும், ஆனால் இந்த உறுதியோடு கோட்டுக்குப் போகச் சொல்லி உங்களிடம் பணம் வாங்க எனக்கு மனமில்லை. வெறுங்கையோடும் போகவேண்டியதில்லை. கல்லுடைக்கும் இயந்திரத்துக்கு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்கு நிபந்தனைகள் உண்டு. தூசி பற்றி மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு வயல்காரர்களையும் சேர்த்து எழுத்தில் முறையிடுங்கள். பொதுத் தொல்லை என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் நீதவானிடம் போகும் வழியும் திறந்திருக்கிறது. குத்தகை செல்லும் செல்லாது என்பதோடு இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை, கம்பனி பேச வருவதும் இவற்றுக்குப் பயந்துதான்.

பேச வந்தால், தண்ணீர் அடிக்கும் நேரம், டிப்பர் ஓடும் நேரம், வயலுக்கு நட்டஈடு, இரண்டு வருடத்துக்கொருமுறை வாடகை உயர்வு, மீறினால் நீங்கள் குத்தகையை முடிக்கும் உரிமை, இவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் புதிய உறுதியாக, நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுதவேண்டும், ஏனென்றால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகையை 1840ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமாக ஏற்காது. கம்பனிக்காரர் கடிதத் தலைப்பில் அடித்துத் தருகிறோம் என்பார்கள், வாங்காதீர்கள். நொத்தாரிசும் அவர்களுடைய ஆளாக இல்லாமல் நீங்கள் பிடித்த ஆளாக இருக்கட்டும்.