80 வெள்ளி வவுச்சர வாங்கிக்கிட்டு சும்மா இருக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார், ஊட்லண்ட்ஸ்ல இருக்கேன். தங்கச்சி கல்யாணம் மதுரையில. சிங்கப்பூர்-சென்னை ரிட்டர்ன் டிக்கெட் ஒரு கம்பெனி, சென்னை-மதுரை மலிவா கிடைச்சுதேன்னு தனியா வேற கம்பெனி. நடுவுல ரெண்டு மணி நேரம் தான் கேப். சாங்கியிலயே மூணு மணி நேரம் லேட்டு, மதுரை ஃப்ளைட் போயிருச்சு, டாக்சி புடிச்சு போனேன். பெட்டி மூணு நாள் கழிச்சு வந்துச்சு, கல்யாணத் துணி எல்லாம் அதுக்குள்ள, அங்கயே புதுசா எடுத்தோம். பெட்டி கைக்கு வந்து 12 நாள் ஆச்சு. இப்ப ஏர்லைன் 80 வெள்ளி வவுச்சர் தரேங்குது. கேஸ் போடலாமா? இன்னொன்னு, அடுத்த மாசம் அம்மா தனியா ஊருக்கு போறாங்க, கேட் வரைக்கும் கூட போக ஒரு மலிவு டிக்கெட் வாங்கி அப்புறம் கேன்சல் பண்ணிக்கலாமா?

பதில்: தம்பி, அந்த வவுச்சர இப்ப தொடாதீங்க. மெயில்ல கீழ பொடி எழுத்துல "இதோட கணக்கு முடிஞ்சது"ங்கற மாதிரி ஒரு வரி இருக்கும், பட்டன அமுக்கிட்டீங்கன்னா அப்புறம் நான் என்ன வாதாடுனாலும் அந்த வரிய தான் காட்டுவாங்க.

அத விட முக்கியம் தேதி. சிங்கப்பூர், இந்தியா ரெண்டுமே வெளிநாட்டு விமானப் பயண நஷ்டத்துக்கான 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில இருக்கு, அதனால உங்க சென்னை பயணத்துக்கு அது தான் சட்டம். பெட்டி லேட்டா வந்தா, அது கைக்கு வந்த நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள ஏர்லைனுக்கு எழுத்துல புகார் போயிருக்கணும், போகலன்னா கேஸே நிக்காது. பெட்டி உடைஞ்சிருந்தா இன்னும் மோசம், 7 நாள் தான். நீங்க ஏர்போர்ட் கவுன்ட்டர்ல பெட்டி வரலன்னு பதிவு பண்ற பி.ஐ.ஆர் ஃபார்ம் எழுதிக் கொடுத்திருப்பீங்க, அதுவே போதும்னு நிறைய பேர் நினைச்சிக்கிட்டு உக்காந்துருவாங்க, அத மட்டும் நம்பாதீங்க, மெயில்லயே பெட்டி நம்பர், வந்த தேதி, செலவு எல்லாம் போட்டு தனியா ஒரு புகார் அனுப்புங்க. 12 நாள் போயிருச்சு, உங்களுக்கு மிச்சம் 9 நாள்.

எவ்வளவு கேக்கலாம்? பெட்டி லேட்டு, சேதம், தொலைஞ்சது எல்லாத்துக்கும் சேத்து ஒரு ஆளுக்கு உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு அலகு), 2024 டிசம்பர் கடைசியில இருந்து இந்த கணக்கு, நம்ம காசுக்கு சுமார் 2,600 வெள்ளி வரும். ஆனா அது பரிசுத் தொகை இல்ல, நீங்க உண்மையில இழந்தது தான் கிடைக்கும். துணிக்கடை பில், செருப்பு, அவசரத்துக்கு வாங்குன சாமான் எல்லாத்துக்கும் ரசீத தேடி எடுங்க. "முகூர்த்தத்துல பழைய சட்டையோட நின்னேன், மானம் போச்சு"ன்னு அதுக்கு ஆயிரம் வெள்ளி கேக்காதீங்க, அந்த உடன்படிக்கையில தண்டனைக்காக காசு வாங்க வழியே கிடையாது. ஃப்ளைட் லேட்டானா 600 யூரோ கிடைக்கும்னு வாட்ஸப்ல சுத்துற கதையும் உங்களுக்கு இல்ல, அது ஐரோப்பா சட்டம். மூணு மணி நேரம் லேட்டானா இவ்வளவுன்னு நம்ம ஊர் சட்டத்துல ஒரு தொகை கிடையாது.

இனி மதுரை ஃப்ளைட். இங்க தான் உங்களுக்கு கொஞ்சம் கசப்பா சொல்லப் போறேன். ஒரே டிக்கெட்டா போட்டிருந்தா சென்னையில இருந்து அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி மதுரையில கொண்டு சேக்குறது அவங்க தலைவலி. தனித்தனியா போட்டதால முதல் கம்பெனிக்கு உங்க மதுரை பயணமே தெரியாது, ரெண்டாவது கம்பெனிய பொறுத்தவரைக்கும் நீங்க வராத ஆளு. லேட்டால வந்த நஷ்டம்னு டாக்சி செலவ கேட்டுப் பாக்கலாம், தப்பில்ல, ஆனா ரெண்டு மணி நேரத்துல இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடிச்சு உள்நாட்டு டெர்மினலுக்கு ஓடணும்னு திட்டம் போட்டது யாருன்னு திருப்பிக் கேப்பாங்க. செய்ய வேண்டிய எல்லா ஏற்பாடும் செஞ்சோம்னு நிரூபிச்சாலும் தப்பிச்சுக்குவாங்க. துணி காசு கிடைக்க நல்ல வாய்ப்பு, டாக்சி காசு சந்தேகம். டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தா அந்த பாலிசிய இன்னிக்கே எடுத்து பாருங்க, சில சமயம் ஏர்லைன விட அங்க சீக்கிரம் வரும்.

புகாருக்கு சரியான பதில் வரலன்னா சின்ன தொகை வழக்குக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரைபியூனல் தான். 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், ஆன்லைன்லயே மனு போடலாம், உங்கள மாதிரி தனி ஆளு கேக்குற சின்ன தொகைக்கு ஃபீஸ் 10 வெள்ளி தான். வக்கீல் உள்ள வரக் கூடாது, அதனால எனக்கு ஒரு காசு கூட வராது, நிம்மதியா போங்க. பயணம் முடியுற ஊர்ல கேஸ் போடலாம், ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு சட்டப்படி அந்த கடைசி ஊர் சிங்கப்பூர் தான், அதனால "சென்னையில போய் கேஸ் போடு"ன்னு அவங்க சொல்ல முடியாது. கேஸ் போட கெடு ரெண்டு வருஷம். மொதல்ல பயனீட்டாளர் சங்கம் மூலமா பேசிப் பாக்கணும்னா அதுவும் பண்ணலாம், ஆனா அதுக்காக அந்த 21 நாள் நிக்காது.

அம்மா விஷயம். வேண்டாம் தம்பி, நினைச்சு கூட பாக்காதீங்க. சாங்கியில இமிக்ரேஷன் தாண்டி உள்ள இருக்குற டிரான்சிட் ஏரியா பாதுகாக்கப்பட்ட இடம், பயணம் போறவங்க மட்டும் தான் உள்ள இருக்கலாம், போற எண்ணம் இல்லாம போர்டிங் பாஸ வச்சு உள்ள போனா உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஃபைன், இல்ல ரெண்டும். 2019ல பொண்டாட்டிய கேட்ல விட உள்ள போன ஒருத்தர புடிச்சு, மத்தவங்களுக்கும் தெரியட்டும்னு போலீசே ஃபேஸ்புக்ல போட்டாங்க. டிக்கெட்டுக்கு காசு கொடுத்தேனேன்னு சொன்னா செல்லாது. அம்மாவுக்கு வீல்சேர் உதவி வேணும்னு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஏர்லைன்ல சொல்லி வைங்க, செக்-இன் கவுன்ட்டர்ல இருந்து சீட்டு வரைக்கும் அவங்க ஆளே கூட்டிட்டு போவாங்க, தமிழ் மட்டும் தான் தெரியும்னும் சேத்து சொல்லுங்க. அவங்க மாத்திர மருந்தும் ஒரு செட் மாத்துத் துணியும் கைப்பையில இருக்கட்டும், பெட்டிக்குள்ள வேண்டாம்.