சராசரி சரியாக இருக்கிறது, பொட்டலம் மட்டும் ஏன் குறைகிறது?

ரவையை அரைக் கிலோ பொட்டலங்களாக அடைக்கும் சிறு ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: “மணிக்கு ஒருமுறை 4 பொட்டலங்களை எடை பார்த்து, அவற்றின் சராசரியைப் பதிவேட்டில் எழுதுகிறோம். இயந்திரத்தை 503 கிராமுக்கு வைத்திருக்கிறோம். கடந்த மாதச் சராசரிகளில் நூற்றுக்கு 95 வரை 497-க்கும் 509-க்கும் இடையில் அமைந்துள்ளன. ஆயினும் 490 கிராமுக்கும் குறைவாக இருந்ததாகச் சில பொட்டலங்களைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். இது எப்படி நேரும்? 4-க்குப் பதிலாக 8 பொட்டலங்கள் எடுத்தால் ஏற்ற இறக்கம் பாதியாகிவிடும் என்கிறார் மேலாளர். 30-க்குக் குறைவாக எடுத்தால் கணக்கே செல்லாது என்று கல்லூரியில் படித்த நினைவு எனக்கு. எது சரி?”

கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உங்கள் பதிவேடும் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் இருப்பவை பொட்டலங்களின் எடைகள் அல்ல, நான்கு நான்கு பொட்டலங்களின் சராசரிகள். தனிப் பொட்டலங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பது ஒரு கேள்வி. அவற்றின் சராசரிகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடையாக வருவதைத்தான் பாடநூல்கள் சராசரியின் கூறெடுப்புப் பரவல் என்கின்றன; சோதிக்க எடுக்கும் பொட்டலங்களின் தொகுதி ஒரு ‘கூறு’, எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்பதன் அமைப்பு ‘பரவல்’. கடைக்காரரின் கைக்குப் போய்ச் சேருவது சராசரி அன்று, ஒரு பொட்டலம்.

இந்த வேறுபாட்டை எளிய கணக்கு ஒன்றில் கண்ணால் பார்த்துவிடலாம். 494, 500, 506, 512 கிராம் என நான்கே எடைகள் சம அளவில் கலந்திருக்கும் ஒரு குவியலை எண்ணிக்கொள்ளுங்கள். இதன் சராசரி 503 கிராம். திட்ட விலக்கம், அதாவது எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு, 6.71 கிராம். இதிலிருந்து இரண்டிரண்டாக, எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு எடுத்தால் 16 இணைகள் கிடைக்கும். அவற்றின் சராசரிகளை எழுதிப் பாருங்கள்: 494 ஒருமுறைதான் வரும், 497 இருமுறை, 500 மும்முறை, 503 நான்குமுறை, அதன் பிறகு 506 மும்முறை, 509 இருமுறை, 512 ஒருமுறை என்று இறங்கிவிடும். 494 கிராம் பொட்டலம் குவியலில் நான்கில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் 494 என்ற சராசரி 16-இல் ஒரு பங்குதான், ஏனெனில் அது வருவதற்கு இரு பொட்டலங்களும் ஒருசேரக் குறைவாக இருந்தாக வேண்டும். மேலே போனதைக் கீழே போனது ஈடுகட்டுவதால் நடுவில் கூட்டம் சேர்கிறது. இந்த 16 சராசரிகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் 4.74 வரும், அதாவது 6.71-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. மையம் 503-இலிருந்து நகரவில்லை என்பதையும், சமதளமாக இருந்த பரவல் நடுவில் கூம்பி நிற்பதையும் கவனியுங்கள்.

இதையே பொதுவிதியாகச் சொல்வதானால், ஒன்றையொன்று சாராத அளவீடுகளின் சராசரிக்கான திட்ட விலக்கம், தனி அளவீட்டின் திட்ட விலக்கத்தைக் கூறின் அளவுக்கான வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். அதற்குத் திட்டப் பிழை என்று பெயர். பிழை என்றதும் யாரோ தவறு செய்ததாகக் கொள்ள வேண்டாம். அது சராசரிகளின் இயல்பான சிதறல் மட்டுமே.

இப்போது உங்கள் பதிவேட்டுக்கு வருவோம். சராசரிகளில் நூற்றுக்கு 95 பங்கு 12 கிராம் அகலத்துக்குள் அடங்குகின்றன என்றால், அந்த அகலம் ஏறக்குறைய நான்கு திட்டப் பிழைகளுக்கு, மையத்தின் இருபுறமும் இரண்டிரண்டுக்கு, சமம். ஆகவே திட்டப் பிழை 3 கிராம். கூறின் அளவு 4, அதன் வர்க்கமூலம் 2. எனவே தனிப் பொட்டலங்களின் திட்ட விலக்கம் 6 கிராம் என்றாகிறது. 490 என்பது 503-க்கு 13 கிராம் கீழே, அதாவது இரண்டு திட்ட விலக்கங்களுக்குச் சற்றே அப்பால் இருக்கிறது. நடுவில் உயர்ந்து இருபுறமும் சமமாகச் சரியும் மணி வடிவமான இயல்நிலைப் பரவலின்படி ஆயிரம் பொட்டலங்களில் சுமார் 15 பொட்டலங்கள் அதற்கும் கீழே போகும். ஆனால் நான்கு பொட்டலங்களின் சராசரி 490-க்குக் கீழே போகும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் பதிவேட்டில் அப்படியோர் எண் என்றைக்குமே வராது. கடையிலோ அது அடிக்கடி வரும். பொட்டலப் பொருள்களுக்கான இந்தியாவின் 2011-ஆம் ஆண்டு விதிகள், சராசரியையும் தனிப் பொட்டலத்தின் எடைக்குறைவையும் தனித்தனியே சோதிப்பதற்கான காரணமும் இதுதான்.

மேலாளர் சொல்வதில் திசை சரி, அளவு தவறு. 8 பொட்டலங்கள் எடுத்தால் திட்டப் பிழை 3-இலிருந்து 2.12-க்கு இறங்கும், 1.5-க்கு அன்று, பாதியாக்க 16 எடுக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, எத்தனை எடுத்தாலும் இயந்திரம் அடைக்கும் பொட்டலங்களின் சிதறல் ஒரு கிராம்கூடக் குறையப் போவதில்லை. இயந்திரத்தின் மையம் எங்கே இருக்கிறது என்பது நமக்கு இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவே. வர்க்கமூலத்தை மறப்பது பழைய தவறு. இங்கிலாந்தின் அரச நாணயச்சாலையில் நாணயங்களை மாதிரியாகச் சேர்த்துவைத்து மொத்தமாக எடை போடும் சோதனை பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. ஒரு நாணயத்துக்கு அனுமதித்த எடை வேறுபாட்டை எண்ணிக்கையால் பெருக்கியே மொத்தத்துக்கான வரம்பை முற்காலத்தில் வகுத்தார்கள். 100 நாணயங்களின் மொத்த எடையில் வரும் தற்செயல் ஏற்ற இறக்கம் ஒரு நாணயத்தினுடையதைப் போல் 10 மடங்குதான். வரம்போ 100 மடங்கு. அவ்வளவு தாராளமான வரம்பு நாணயம் அச்சிடுபவரின் உண்மையான எடைக்குறைப்பையும் மறைத்துவிடக் கூடியது.

30 என்ற எண்ணைப் பற்றி ஆசிரியர்கள் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திட்டப் பிழைக்கான வாய்பாடு கூறின் அளவு 2 ஆனாலும் 200 ஆனாலும் பொருந்தும்; மேலே இணைகளை எடுத்துப் பார்த்ததே அதற்குச் சான்று. 30 என்பது சராசரிகளின் பரவல் இயல்நிலை வடிவத்தை எப்போது நெருங்கும் என்பதற்கான தோராயமான வழிகாட்டி மட்டுமே. கூறு பெரிதாகப் பெரிதாகச் சராசரிகள் அந்த வடிவத்தை நெருங்கும் என்று கணிதவியலாளர் லாப்லாஸ் 1810-இல் பொதுப்படையாக நிறுவிய மைய எல்லைத் தேற்றம் எந்த எண்ணையும் வாசலில் நிறுத்தவில்லை. வருமானம், காத்திருக்கும் நேரம் போல ஒரு பக்கம் நீண்ட வாலுள்ள அளவைகளுக்கு 30 போதாமலும் போகலாம். பொட்டல எடைகள் பெரும்பாலும் இருபுறமும் சமமாகச் சிதறுபவை என்பதால் அங்கே 4 தாராளமாகப் போதும். கூறுகளின் சராசரிகளை வரம்புக்கோடுகளோடு குறித்துக் கண்காணிக்கும் தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-இல் வகுத்த வால்ட்டர் ஷூவார்ட், எண் எழுதிய சில்லுகளைக் கிண்ணத்திலிருந்து எடுத்து இதைச் சோதித்தபோது எடுத்ததும் நான்கு நான்காகத்தான். சமதளமான பரவலிலிருந்து எடுத்தபோதும் சராசரிகள் இயல்நிலை வடிவத்தை நெருங்கி அமைந்தன.

சிறிய கூறுகளில் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட்டுக்குப் பார்லி சோதனைகளில் சில அளவீடுகளே கிடைத்தன. திட்ட விலக்கத்தையும் அவற்றிலிருந்தே மதிப்பிட வேண்டியிருந்தது, அந்த மதிப்பீடும் தள்ளாடியது. 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 கூறுகளை அமைத்துத் தன் கணக்கைச் சரிபார்த்தார். 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்று நாம் பயன்படுத்தும் டி-பரவலின் தொடக்கம். அதன்படி, ஒரே ஒரு மணிநேரத்தின் 4 எடைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சராசரிக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சராசரி அடங்கியிருக்கும் என நம்பத்தக்க எல்லை, காண வேண்டுமானால் திட்டப் பிழையை 1.96-க்குப் (மேலே ஏறக்குறைய இரண்டு என்று கொண்டது) பதிலாக 3.18-ஆல் பெருக்க வேண்டும். உங்களிடம் ஒரு மாதப் பதிவு இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, சராசரியோடு அந்த நான்கு எடைகளையும் பதிவேட்டில் எழுதுவது. ஒவ்வொரு நான்கிலும் மிகப்பெரியதிலிருந்து மிகச்சிறியதைக் கழித்து, அவ்வீச்சுகளின் சராசரியை 2.059-ஆல் வகுத்தால் தனிப் பொட்டலத்தின் திட்ட விலக்கம் நேரடியாகக் கிடைக்கும். வீச்சுகளின் சராசரி 12.4 கிராம் அளவில் இருந்தால் மேலே போட்ட கணக்கு சரி. அது 6 அல்லது 7 கிராம்தான் என்றால், அடுத்தடுத்த பொட்டலங்கள் ஒன்றுபோலவே விழுகின்றன, இயந்திரத்தின் மையமே மணிக்கு மணி நகர்கிறது என்று பொருள். அப்போது கொள்கலனில் ரவையின் மட்டம் ஏறி இறங்குகிறதா என்பது போன்றவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாராத்தன்மை இல்லாத இடத்தில் வர்க்கமூல விதியை நம்புவது ஆபத்து.

வீச்சு சரியாக இருந்து, 490-க்குக் கீழே ஆயிரத்துக்கு ஒரு பொட்டலம்தான் போகலாம் என்று நீங்கள் முடிவெடுத்தால், இரண்டு வழிகள் உண்டு. மையத்தை 508.5 கிராமுக்கு உயர்த்தலாம். நாளுக்குப் பத்தாயிரம் பொட்டலங்கள் அடைக்கும் ஆலைக்கு அது 55 கிலோ ரவையைக் கூடுதலாகக் கொடுப்பதாகும். அல்லது மையத்தை 503-இலேயே வைத்துக்கொண்டு, இயந்திரத்தைச் செப்பனிட்டுத் திட்ட விலக்கத்தை 6-இலிருந்து 4.2 கிராமுக்குக் குறைக்கலாம். அந்த 55 கிலோவின் ஓராண்டு விலையையும் செப்பனிடும் செலவையும் அருகருகே எழுதி மேலாளரிடம் கொடுங்கள். அதுவரை மையத்தை உயர்த்தியே வைத்திருங்கள்.