வீட்டை விட்டுப் போன பையனைத் திரும்பச் சேர்க்க உதவி கிடைக்குமா?

அக்கா மகன், 16 வயது, மார்க் சண்டையில் வீட்டை விட்டுப் போய் ஆறு நாள் ஆகிறது, சென்னையில் இருப்பதாக ஒரு நண்பனிடம் மட்டும் பேசுகிறான், யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் ஓடிப்போனவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் போலீஸ் ஸ்டேஷன். 2009இல் நான் போனபோது என் அப்பாவிடம் "ரெண்டு நாள் பாருங்க, காசு தீர்ந்தா வந்துருவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 18 வயதுக்குள் யார் காணாமல் போனாலும் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டிருக்கிறது. இன்னும் போடவில்லை என்றால் இன்றைக்கே போய்ப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் 1098, குழந்தைகளுக்கான உதவி போன் நம்பர். பத்து, ஒன்பது, எட்டு என்று சொல்லித் தருவார்கள். 1996இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் கல்வி நிறுவனத்தின் திட்டமாகத் தொடங்கியது, இப்போது அரசே நடத்துகிறது. இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பெரியவர்களும் கூப்பிடலாம், பையனே கூப்பிட்டாலும் பேசுவார்கள்.

என் கதையில் எழும்பூர் ரயில்வே ஸ்டேஷன்தான். விருதுநகரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டே வந்து இறங்கி, எங்கே போவது என்று தெரியாமல் மத்தியானம் வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தொண்டு நிறுவனத்து அண்ணன் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். பேர் கார்த்திக், ஊர் திருச்சி என்று சரளமாக அடித்துவிட்டேன். பேச்சுவாக்கில் "அங்கிட்டு" என்று வந்துவிட்டது. "திருச்சியில எவன்டா அங்கிட்டுன்னு சொல்றான்?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து, உடனே அழுகையும் வந்துவிட்டது.

இப்படிக் கிடைக்கும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும்; பிள்ளையை என்ன செய்வது என்று முடிவெடுப்பது அவர்கள்தான். கோர்ட்டு, கூண்டு என்று நடுங்கிப் போனேன். ஒரு நீள மேஜை, மூன்று பேர், ஆடி ஆடிச் சுற்றும் ஒரு டேபிள் ஃபேன். அவ்வளவுதான். அதில் ஒரு அம்மா ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போக உனக்கு இஷ்டமா?" என்று கேட்டார். என்னிடம் அதுவரை யாரும் என் இஷ்டத்தைக் கேட்டதில்லை. இல்லை என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார்.

அதனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: பையன் கிடைத்த அன்றே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். வீடு எப்படி, அடி உதை உண்டா, ஏன் கிளம்பினான் என்று ஆள் வந்து விசாரிப்பார்கள். பல பெற்றோருக்கு இது அவமானமாகப் படும், சத்தம் போடுவார்கள். போடாதீர்கள். நான் 11 நாள் குழந்தைகள் இல்லத்தில் இருந்தேன். கிடைத்த கையோடு அனுப்பியிருந்தால் அடுத்த வாரமே மறுபடி ரயில் ஏறியிருப்பேன்.

நாலாம் நாள் போனில் பேச வைத்தார்கள். அப்பா முதலில் கேட்டது, "என்ன சட்டை போட்டிருக்க?" பச்சைக் கட்டம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போலீஸிலும் போஸ்டரிலும் நீலச் சட்டை என்று சொல்லியிருக்கிறார். மகன் என்ன உடுத்திப் போனான் என்பதுகூடத் தெரியவில்லையே என்பது அவருக்கு இன்றும் ஆறவில்லை.

என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவைத் தனியாக உட்கார வைத்து, "ஏன்டா ஓடுனன்னு மட்டும் கொஞ்ச நாளைக்குக் கேட்காதீங்க" என்று இல்லத்தில் கவுன்சிலிங் கொடுப்பவர் சொல்லியிருக்கிறார். அப்பா இதுவரை கேட்கவில்லை. நானாகத்தான் காலேஜ் போன பிறகு சொன்னேன்.

போஸ்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் திரும்பிய பிறகும் பஸ் ஸ்டாண்டு சுவரில் என் மூஞ்சி மாதக்கணக்கில் இருந்தது, பள்ளியில் பட்டப்பெயரே "காணவில்லை". சுவர் மழைக்குக் கரைந்துவிடும், வாட்ஸ்அப் கரையாது. படத்தைப் போலீஸிடமும் 1098காரர்களிடமும் கொடுங்கள், குரூப்பில் போடாதீர்கள்.

இன்னொன்று, இந்த ஏற்பாடெல்லாம் 18 வரைதான். அதற்கு மேல் என்றால் போலீஸ் தேடிக் கண்டுபிடிக்கலாம், வரமாட்டேன் என்று சொன்னால் இழுத்துவர முடியாது. உங்கள் பையனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

அந்த நண்பனை மட்டும் மிரட்டிவிடாதீர்கள், இப்போதைக்கு உங்களுக்கு இருக்கும் ஒரே நூல் அவன்தான். போலீஸ் கேட்டால் அவனையே சொல்லச் சொல்லுங்கள், கூட நீங்கள் போங்கள். அடுத்த முறை பையன் பேசும்போது இரண்டே விஷயம் சொல்லச் சொல்லுங்கள்: வீட்டில் யாரும் அடிக்க மாட்டார்கள், படுக்க இடமில்லை என்றால் 1098. "அம்மா சாகக் கிடக்கிறாள்" என்று பொய் மட்டும் வேண்டாம். வந்து பார்த்துவிட்டு மறுபடி கிளம்பிவிடுவான்.