பழைய போட்டை எந்த மாதம் விற்பது? ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து கேள்வி பதில்

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் அவுட்போர்ட் இஞ்சின், அதாவது போட்டின் பின்னால் மாட்டுகிற இஞ்சின், பழுது பார்ப்பது என் தொழில். போட் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நின்று விலை பேசுவதும் அதோடு ஒட்டிக்கொண்ட வேலை. எப்போது விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்று பலர் கேட்டிருப்பதால், இந்த முறை அதற்கு மட்டும் பதில். ரிப்பேர் கேள்விகள் அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்து வருகிறது.

கேள்வி: அண்ணே, என்னிடம் 16 அடி பைபர் போட், 15 குதிரைச்சக்தி டூ ஸ்ட்ரோக் யமஹா இருக்கிறது. பெர்ணம் ஆற்றில் இறால் பிடிக்க வாங்கியது. இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, விற்கப் போகிறேன். யூடியூபில் பார்த்தால் வசந்த காலத்தில் விற்க வேண்டும் என்கிறார்கள். நமக்கு ஏது வசந்த காலம்? (தோட்ட மண்டோர், ஊத்தான் மெலிந்தாங்)

அவர்கள் ஊரில் ஏரியே உறைந்து போகும். குளிர்காலம் முழுக்க போட்டைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு, பனி கரைந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்கக் கிளம்புவார்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. மேற்குக் கரையில் 12 மாதமும் போட் ஓடுகிறது. எதிரே சுமத்ரா மறைப்பாக இருப்பதால் மலாக்கா நீரிணையில் பெரிய அலைக்கு இடம் குறைவு. அதனால் நீங்கள் வானத்தைப் பார்த்து மாதம் குறிக்க வேண்டாம், செம்பனை (எண்ணெய்ப்பனை) லாரியைப் பாருங்கள்.

உங்கள் போட்டை வாங்கப் போவது யார்? கோலாலம்பூர் பணக்காரர் இல்லை. சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை வைத்திருப்பவர், தோட்டத்து ஸ்டாஃப், லாரி டிரைவர், இப்படிப்பட்டவர்கள்தான். செம்பனையில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை குலை அதிகம். பிப்ரவரி வாக்கில் காய்ப்பு படுத்துவிடும். சிறுதோட்டக்காரர் கையில் பணம் புரள்வது அந்த மூன்று மாதத்தில்தான். அப்போது கூரை மாற்றுவார், மோட்டார் சைக்கிள் மாற்றுவார், போட்டையும் கண்ணெடுத்துப் பார்ப்பார்.

அந்த மூன்று மாதத்திலும் எல்லா நாளும் ஒன்றல்ல. ஆகஸ்ட் நடு வரை ஆடி மாதம், நம் ஆட்களில் பாதிப் பேர் புதுச் சாமான் வாங்க மாட்டார்கள். ஆடி முடிகிற நேரத்தில் சீனர்களுக்கு ஏழாவது மாதம் வந்துவிடும், அதுதான் பேய் மாதம். 2026-ல் அது ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் 10 வரை போகிறது. அந்த மாதத்தில் தண்ணீர்ப் பக்கம் போகவே யோசிக்கிற சீனக் குடும்பங்கள் உண்டு, போட் வாங்குவது எங்கே! இரண்டையும் கழித்துப் பார்த்தால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை உங்களுக்குச் சரியான நேரம். புரட்டாசி ஆச்சே, மீனே தொட மாட்டார்களே என்று கேட்பீர்கள். விரதம் இருக்கிறவர்தான் ஐப்பசி எப்போது பிறக்கும் என்று தூண்டிலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புரட்டாசியில் போட் பார்க்க வருகிறவர் பொழுதுபோக்குக்கு வருவதில்லை.

அதைத் தாண்டினால் கதவு சாத்திவிடும். 2026-ல் தீபாவளி நவம்பர் 8. அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே தமிழர் வீட்டுப் பணம் துணிமணிக்கும் பலகாரத்துக்கும் போய்விடும். அது முடிந்தால் பள்ளிச் செலவு. பள்ளி ஆண்டு 2026 முதல் மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டதால், டிசம்பரில் பிள்ளை வைத்திருக்கிறவர் யாரும் போட் பேச்சை எடுக்க மாட்டார்.

கேள்வி: ஆடி முடியும் வரை விளம்பரமே போடக் கூடாதா? (ஜெண்டராட்டா பக்கத்திலிருந்து ஒரு தம்பி)

போடலாம் தம்பி, யார் தடுத்தது? மலாய்க்காரருக்கு ஆடி கிடையாது. ஆனால் ஆடியில் வருகிற தமிழர், "ஆடியாச்சே, குறைச்சுக் கொடுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அந்தத் தள்ளுபடியைத் துணிக்கடைக்காரர் கொடுக்கட்டும்.

மாதத்தை விட தேதி முக்கியம். அரசாங்க ஊழியருக்கு 25-ஆம் தேதி வாக்கில் சம்பளம். தோட்டத்தில், 1955 வேலைச் சட்டப்படி, சம்பள மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். ஆக 25-லிருந்து அடுத்த மாதம் 7 வரைக்கும் எல்லார் கையிலும் காசு இருக்கும். முடா (Mudah) இணையதளத்தில் விளம்பரம் போடுவதாக இருந்தால் 24-ஆம் தேதி இரவு போடுங்கள். 15-ஆம் தேதி போட்டால் "இன்னும் இருக்கா பாஸ்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போவார்கள்.

கேள்வி: என்னுடையது 23 அடி, ஆழமான அடிப்பகுதி, 60 குதிரைச்சக்தி, ட்ரெய்லரோடு இருக்கிறது. பூலாவ் செம்பிலான் வரை போய் வந்த போட். கிழக்குக் கரை ரொம்பின் ஆட்கள் நல்ல விலை கொடுப்பார்கள் என்கிறார்களே, எப்போது அவர்களிடம் பேசலாம்? (சபாக் பெர்ணம்)

உங்களுக்குச் செம்பனைக் கணக்கு வேண்டாம், கிழக்குக் கரைக் கணக்குதான். அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அலை அடிக்கிற அடியில் சின்ன போட்டெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். காற்று அடங்கியதும் குவாலா ரொம்பினுக்குத் தூண்டில்காரர் கூட்டம் வரத் தொடங்கும், லாயாரான் (செயில்பிஷ்) மீனுக்குப் பேர் போன இடம். வாடகைக்கு போட் ஓட்டுகிறவருக்கு ஏப்ரலில் போட் தண்ணீரில் இருக்க வேண்டும். அதற்கு முன் வாங்கி, பெயர் மாற்றி, பெயிண்ட் அடிக்க நேரம் வேண்டாமா? அதனால் சீனப் பெருநாள் முடிந்ததிலிருந்து மார்ச் கடைசி வரை அவர்கள் தேடுகிற நேரம்.

நவம்பரில் மட்டும் அவர்களிடம் போகாதீர்கள். நான்கு மாதம் கரையில் வைத்துக் காக்கப் போகிற பொருளுக்கு யார் முழு விலை கொடுப்பார்? அதோடு, அந்தப் பக்கத்தில் விற்க நினைக்கிறவர்களும் அதே நேரத்தில்தான் விற்கப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்கிறது. 2027-ல் நோன்புப் பெருநாள் மார்ச் 10 வாக்கில் வரும். விளையாட்டுக்கு மீன் பிடிக்கிற மலாய்க்காரர் பெருநாள் முடியும் வரை பெரிய பணம் எடுக்க மாட்டார். வாடகைக்கு ஓட்டுகிறவர் எடுப்பார், அவருக்கு அது பிழைப்பு. போனில் பேசும்போதே ஆள் எந்த ரகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே கேட்ட மண்டோர் அண்ணன் இதைப் படித்துவிட்டு ரொம்பினுக்கு போன் போட வேண்டாம். நம் ஆற்றுச் சேற்றுக்குச் செய்த தட்டையான போட் தென்சீனக் கடலுக்கு ஆகாது.

கேள்வி: தம்பி, என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். மீன்பிடி லைசென்ஸ் உள்ள போட் அவர் பெயரில் இருக்கிறது. லைசென்ஸோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறேன், இப்போதே கொடுங்கள் என்று ஒருவர் அவசரப்படுத்துகிறார். காத்திருக்கவா? (பாகான் டத்தோ)

காத்திருங்கள் அம்மா. மாதம் பார்த்து இல்லை, காகிதம் சரியாகும் வரை. இறந்தவர் பெயரில் இருக்கிற பொருளை மனைவியானாலும் நேராகக் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. முதலில் வாரிசு உத்தரவு வேண்டும், இறந்தவர் சொத்தைக் கவனிக்கிற அரசாங்க நிறுவனமான அமானா ராயாவில் போய்க் கேளுங்கள். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் ஐசி (அடையாள அட்டை), போட் காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

மீன்பிடி லைசென்ஸ் போட்டோடு சேர்ந்து கை மாறுகிற சாமான் இல்லை. அது மீன்வள இலாகா கொடுப்பது, அவர்கள் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குப் போகாது. "பெயர் அப்படியே இருக்கட்டும், நான் ஓட்டிக்கொள்கிறேன்" என்று அந்த ஆள் சொன்னால் வாசலைக் காட்டுங்கள். நாளைக்குக் கடலில் அந்த போட் எதில் மாட்டினாலும் எழுத்துப்படி அது உங்கள் குடும்பத்துப் போட்.

அதுவரைக்கும் இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். ஆள் இல்லாத ஜெட்டியில் இஞ்சின் தங்காது.

கேள்வி: சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் தைப்பிங்கிலிருந்து போட் பார்க்க வந்தார். தண்ணீர் வற்றி போட் சேற்றில் உட்கார்ந்திருந்தது. பார்த்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. நேரம் எப்படிக் குறிப்பது? (ஊத்தான் மெலிந்தாங்)

மாதத்தைப் பற்றி ஆயிரம் பேர் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை. நம் பக்கம் போட் விற்பனை கெட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள் பெரிய தண்ணீர். ஏற்றத்தில் ஜெட்டிப் பலகை வரை வரும், இறக்கத்தில் ஆற்றோரம் வெறும் சேறு. அஷ்டமி, நவமி பக்கம் செத்த தண்ணீர், ஏற்றமும் இறக்கமும் குறைவு, ஓட்டமும் மந்தம். கடலில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அதுதான் பிடித்த நாள். அந்த வார இறுதியில் உங்கள் வாடிக்கையாளர் இன்னொருவர் போட்டில் ஏறிக் கடலுக்குப் போயிருப்பார். ஆகவே பெரிய தண்ணீர் வருகிற வார இறுதியில் கூப்பிடுங்கள், அன்று அவர் வீட்டில் சும்மா இருப்பார். நல்ல நாள் பார்க்கிறவராக இருந்தால் அஷ்டமி நவமியைத் தவிர்த்த மாதிரியும் ஆச்சு.

கூப்பிடுகிற மணி, ஏற்றம் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. அவர் வந்து, சுற்றிப் பார்த்து, பேசி, போட்டில் ஏறும்போது தண்ணீர் நிறைந்து நிற்கும். ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் போன வாரத்துக் கணக்கை நம்பாமல் கைபேசியில் அன்றைய அட்டவணையைப் பாருங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா காற்று திடீரென்று மழையோடு அடிக்கும், அந்த மாதங்களில் சாயங்கால ஏற்றமே மேல்.

அவர் வருவதற்கு முன் இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் முதலில் செய்வது இஞ்சின் மூடியைக் கழற்றி உள்ளே கையை வைத்துப் பார்ப்பதுதான். சூடாக இருந்தால், குளிர்ந்த இஞ்சின் கிளம்பாது போல என்று முடிவு கட்டிவிடுவார். ஆறிய இஞ்சினை அவர் கையாலேயே கயிறு இழுக்க விடுங்கள். இரண்டாவது இழுப்பில் பிடித்து, பின்னால் தண்ணீர் கயிறு போல நேராகப் பீய்ச்சினால் பாதி வியாபாரம் அங்கேயே முடிந்தது. சொட்டுச் சொட்டாக வந்தால் இம்பெல்லரை (தண்ணீர் இழுக்கிற ரப்பர் சக்கரம்) முன்பே மாற்றிவிடுங்கள், அது மலிவான சாமான்.

கேள்வி: டிசம்பரில் விற்பதற்கும் ஜனவரியில் விற்பதற்கும் விலை வித்தியாசம் உண்டா?

உண்டு. 2018 இஞ்சின் 2026 டிசம்பரில் எட்டு வருடம், ஜனவரி பிறந்தால் ஒன்பது வருடம். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வாங்குகிறவர் விரல் விட்டு எண்ணுவார். அக்டோபரை விட்டவர்கள் டிசம்பருக்குள் தள்ளிவிடுவது நல்லது. வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் அப்போது ஊரில் இருப்பார்கள்.

கேள்வி: அவசரமில்லை, விலை ஏறும் வரை வைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். (தெலுக் இந்தான்)

போட் என்ன நிலமா, விலை ஏற? தண்ணீரில் விட்டால் அடியில் சிப்பி கட்டும், கரையில் வைத்தால் மழைத் தண்ணீர் நின்று பலகை ஊறும். கார்புரேட்டரில் நிற்கிற பெட்ரோல் சில மாதத்தில் பிசினாகிவிடும். செப்டம்பர் வரை வைப்பதென்றால் மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி, கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றி, தானாக நிற்கும் வரை விடுங்கள். அப்புறம் புகைமூட்டம் ஒன்று இருக்கிறது. 2015, 2019 மாதிரி அது வந்தால் செப்டம்பரில் கடலே கண்ணுக்குத் தெரியாது. நல்ல விலைக்கு ஆகஸ்டில் ஆள் வந்தால் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இஞ்சினைத் தனியாக விற்கலாமா?

டூ ஸ்ட்ரோக் நல்ல நிலையில் இருந்தால் அதற்கு மாதமே கிடையாது, எப்போதும் ஆள் உண்டு. ஆனால் இஞ்சின் போனபின் வெறும் பைபர் கூடு வாசலில் செடி முளைத்துக் கிடக்கும். போட் பழசாகி, இஞ்சின் புதுசாக இருந்தால் மட்டும் பிரியுங்கள். வாங்கிய ரசீதைத் தேடி வையுங்கள். போட்டில் மாட்டுகிற பிராக்கெட்டில் இருக்கிற எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒத்துப் போகிறதா என்று இப்போதெல்லாம் எல்லாரும் பார்க்கிறார்கள். திருட்டு இஞ்சின் நடமாட்டம் அப்படி.

கேள்வி: கிழக்குக் கரை குவாந்தான்காரர் ஒருவர் டிசம்பரிலேயே முன்பணம் தருகிறேன், போட்டை மார்ச்சில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? (சபாக் பெர்ணம்)

ஒத்துக்கொள்ளலாம், எழுதி வாங்கிக்கொண்டு. முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதிக்குள், அந்தத் தேதி தாண்டினால் முன்பணம் யாருக்கு, இந்த மூன்றும் தாளில் இருக்க வேண்டும். போட் எண், இஞ்சின் எண், இரண்டு பேர் ஐசி எண்ணும் எழுதுங்கள். மூன்று மாதம் இஞ்சினை யார் ஓட்டிப் பார்ப்பது, இடையில் ஏதாவது கெட்டால் யார் செலவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். முழுப் பணம் கைக்கு வரும் வரை பெயர் மாற்றப் பாரத்தில் கையெழுத்து வேண்டாம். ட்ரெய்லர் விலையில் சேர்ந்ததா, தனியா என்பதையும் எழுதுங்கள், கடைசி நாளில் சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.