வெர்டன் காட்டில் கிடைத்த திருகுக் கம்பி எதற்கானது?

பிரான்ஸின் வெர்டன் காட்டில் புதையல் தேடியபோது கிடைத்த துருப்பிடித்த இரும்புக் கம்பி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அடிமுனை திருகாணி போல முறுக்கி, மேலே வளையம் வளையமாக வளைத்திருப்பதாகச் சொல்வதால், அது முதல் உலகப்போர்க் காலத்து முள்வேலிக் கம்பம்தான். 1916-இல் அங்கே சுமார் பத்து மாதம் சண்டை நடந்தது. மரக்கம்பத்தைச் சுத்தியலால் அடித்து இறக்கினால், சத்தம் கேட்ட பக்கம் எதிரி சுடுவான். இதையோ வளையத்துக்குள் ஒரு கட்டையைச் செருகித் திருகினால் போதும், இருட்டில் ஓசையில்லாமல் மண்ணில் இறங்கிவிடும். அப்புறம் அந்த வளையங்களிலேயே முள்கம்பியை மாட்டுவார்கள். எத்தனையோ உயிர்களைக் காத்த யோசனை இது.

சரி, கம்பியால் ஆபத்தில்லை. ஆனால் அந்த மண்ணில் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன, தயவுசெய்து தோண்டாதீர்கள். அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழம்பொருள் தேடுவதும் அந்த நாட்டில் சட்டவிரோதம்.